ஒண்ணு மேலயா, கீழயா

ஆபரேட்டர்: அதான் பாத்தாச்சே... எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. வாங்க, கிளம்பலாம்.

லேப்காரர்: ஒண்ணே ஒண்ணைத்தான் பாத்திருக்கோம். துணிக்கடையில நாப்பதைப் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு, முதல்ல பாத்ததையே வாங்கிட்டு வர்ற ஆளு நீ. இந்தக் கம்ப்யூட்டர் கடையில மட்டும் என்ன அவசரம்?

ஆபரேட்டர்: துணி எனக்குத் தெரியும். இது தெரியாது.

கடைக்காரர்: உக்காருங்க மேடம். தெரியாதவங்களுக்குத்தான் கடையே வச்சிருக்கேன். நம்பர் பேட் மேடத்துக்குத்தானே?

ஆபரேட்டர்: எப்படித் தெரியும்?

கடைக்காரர்: சார்தான் முந்தாநாளே...

லேப்காரர்: முந்தாநாள் இந்தப் பக்கம் வந்தேன், கடை மூடியிருந்துச்சு. அதைச் சொல்றாரு. நீ உக்காரு.

ஆபரேட்டர்: முந்தாநாள் முடி வெட்டப் போறேன்னுதானே போனீங்க?

லேப்காரர்: வெட்டினேனே.

ஆபரேட்டர்: எங்க வெட்டியிருக்கு?

லேப்காரர்: இருக்கிறதே நாலு முடி. அதுல எதை வெட்டினான்னு உனக்குத் தெரியவா போகுது? தம்பி, இவ என் பொண்டாட்டி. ஆஸ்பத்திரியில டெலிஃபோன் ஆபரேட்டர். நானும் அங்கதான், ரத்தம் பாக்குற லேப்ல. இவளைப் பாத்துக்கிறது சைடு வேலை.

ஆபரேட்டர்: சம்பளம் இல்லாத வேலைன்னு சேத்துச் சொல்லுங்க.

கடைக்காரர்: என்ன பிரச்சினை மேடம்?

ஆபரேட்டர்: இருபத்திமூணு வருஷமா ஒரே ஃபோன் போர்டு. போன மாசம் அதைக் கழட்டிட்டு ஒரு லேப்டாப்பை வச்சுட்டாங்க. காதுல ஒண்ணை மாட்டிவிட்டு, இனிமே நம்பரை இதுல அடிங்கன்னாங்க. அதுல பாத்தா நம்பர் மேல ஒரே வரிசையா நிக்குது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி.

லேப்காரர்: ட்ரெயினிங்குக்கு மட்டும் தனியா ஒரு நம்பர் பேட் குடுத்தாங்க. அது மாதிரி வேணும்னா சொந்தமா வாங்கிட்டு வந்து மாட்டிக்கங்கன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. திங்கக்கிழமை டெஸ்ட். ஒரு மணி நேரத்துல நூறு கால். மூணுக்கு மேல தப்பாச்சுன்னா...

ஆபரேட்டர்: அதெல்லாம் எதுக்கு அவருக்கு?

லேப்காரர்: மூணுக்கு மேல தப்பாச்சுன்னா கீழ ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிடுவாங்க. பழைய ஃபைல் அடுக்குற இடம். ஜன்னல் கிடையாது.

ஆபரேட்டர்: ஃபோனும் கிடையாது.

கடைக்காரர்: சரி... இதைப் பாருங்க. வயர் இல்லாதது. மேசையில எங்க வேணா வச்சுக்கலாம்.

ஆபரேட்டர்: இதுக்கு பேட்டரியா?

கடைக்காரர்: பேட்டரிதான். கொஞ்ச நேரம் தொடலைன்னா தானாத் தூங்கிடும். ஒரு கட்டையை அமுக்கினா எழுந்துக்கும்.

ஆபரேட்டர்: அமுக்கின அந்த முதல் நம்பர்?

கடைக்காரர்: அது... சில சமயம் முழுங்கிடும்.

ஆபரேட்டர்: அப்ப இது எங்க வீட்டுல ஏற்கனவே ஒண்ணு இருக்கு. ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் எழுந்துக்கும்.

லேப்காரர்: நான் எழுந்துக்கிறேன். பதில்தான் சொல்றதில்ல. வயர் இருக்கிறதை எடுங்க தம்பி.

கடைக்காரர்: இது நல்லா ஓடுற சரக்கு. பூஜ்யத்துக்குப் பக்கத்துல இன்னொரு கட்டை இருக்கு பாருங்க, ரெட்டைப் பூஜ்யம். ஒரு தட்டு தட்டினா ரெண்டு விழும்.

ஆபரேட்டர்: எங்க எக்ஸ்டென்ஷன் எல்லாம் மூணு நம்பர்தான். ரெட்டைப் பூஜ்யம் வச்சு நான் என்ன பண்றது?

கடைக்காரர்: வேண்டாம்னா அமுக்காதீங்க.

ஆபரேட்டர்: என் விரல் நான் சொல்றதையா கேக்குது இப்ப?

லேப்காரர்: இதோ, இந்தக் கருப்பைத் தொட்டுப் பாரு. நடுவுல அஞ்சு மேல ஒரு சின்ன மேடு இருக்கு. பாக்காமயே விரலுக்குத் தெரியும், நடு எதுன்னு.

ஆபரேட்டர்: நடு தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? நடுவரிசையில எனக்கு ஒரு சண்டையும் இல்ல. நாலு, அஞ்சு, ஆறு, எல்லாம் இருந்த இடத்துலதான் இருக்கு. மேலயும் கீழயும்தானே தலைகீழ்.

கடைக்காரர்: தலைகீழா?

ஆபரேட்டர்: உங்க ஃபோனை எடுங்க தம்பி. மேல் வரிசையில என்ன இருக்கு?

கடைக்காரர்: ஒண்ணு, ரெண்டு, மூணு.

ஆபரேட்டர்: இந்த பேட்ல?

கடைக்காரர்: ஏழு, எட்டு... அட. ஆமா. பதினாலு வருஷமா விக்கிறேன், கவனிச்சதே இல்ல. கம்பெனிக்காரன் இப்படித்தான் வச்சிருக்கான்.

லேப்காரர்: கால்குலேட்டர்ல ஏழு மேல, ஃபோன்ல ஒண்ணு மேல. இவ கைக்கு ஒண்ணு மேலதான் தெரியும். அதனால ஒண்ணு அடிச்சா ஏழு விழுது, ரெண்டு எட்டாகுது, மூணு ஒம்பதாகுது.

கடைக்காரர்: பாத்துப் பாத்து அடிச்சா?

ஆபரேட்டர்: பாத்து அடிச்சா சரியா வருது. ஆனா பாத்து அடிக்கிறவளுக்கு ஒரு மணி நேரத்துல நாப்பது கால்தான் போகும். வேகமா அடிச்சா பழைய விரல் வந்துடுது.

லேப்காரர்: போன வாரம் நடந்ததைச் சொல்லு.

ஆபரேட்டர்: வேண்டாம்.

லேப்காரர்: அப்ப நான் சொல்றேன். ட்ரெயினிங். சூப்பர்வைசர் வெளியில இருந்து கூப்பிட்டு, புதுசா அப்பாவான ஆள் மாதிரி பேசுறாரு. பிரசவ வார்டு குடுங்கம்மான்னு. பிரசவ வார்டு ரெண்டு ஒண்ணு ரெண்டு. இவ விரல் போய் அமுக்கினது எட்டு ஏழு எட்டு.

கடைக்காரர்: அது எந்த வார்டு?

லேப்காரர்: பிணவறை.

கடைக்காரர்: ஐயையோ.

லேப்காரர்: அங்க இருக்கிற ஆளுக்கு ட்ரெயினிங்னு ஒண்ணும் தெரியாது. அவரு ஃபோனை எடுத்தவுடனே சூப்பர்வைசர், நார்மலா சிசேரியனான்னு கேட்டிருக்காரு. அந்த மனுஷன் நிதானமா, "இங்க வந்தவங்க எல்லாம் நார்மலாத்தான் இருக்காங்க சார், யாரும் சத்தம் போடறதில்ல"ன்னு சொல்லியிருக்காரு.

கடைக்காரர்: மன்னிச்சுக்கங்க மேடம்... சிரிப்பு வந்துடுச்சு.

ஆபரேட்டர்: சிரிங்க. வீட்டுலயும் ஒரு வாரமா இதுதான். பொண்ணு ஃபோன் பண்ணா எடுத்தவுடனே, "அம்மா, இது வீடுதானே, வேற எங்கயும் இல்லையே"ங்கறா.

லேப்காரர்: பொண்ணுக்கு உரிமை இருக்கு தம்பி. இவ தப்பா அமுக்கலைன்னா அவ பொறந்திருக்கவே மாட்டா.

ஆபரேட்டர்: ஆரம்பிச்சுட்டாரு. இந்தக் கதையைக் கேக்காத ஆளே ஊர்ல இல்ல. உங்களுக்கும் இன்னைக்கு நேரம் சரியில்ல தம்பி.

லேப்காரர்: இவ வேலைக்குச் சேந்த புதுசு. கேண்டீன் ஒண்ணு மூணு ரெண்டு. எங்க லேப் ஏழு ஒம்பது எட்டு. தினமும் பதினோரு மணிக்கு எனக்கு ஃபோன் அடிக்கும். எடுத்தா, எந்த வார்டுல இருந்தோ ஒருத்தர், "நாலு டீ, ரெண்டுல சர்க்கரை கம்மி"ம்பாரு.

கடைக்காரர்: நீங்க என்ன சொல்வீங்க?

லேப்காரர்: இங்க ரத்தம்தான் இருக்கு, சர்க்கரை எவ்வளவுன்னு பாத்துச் சொல்றேம்பேன். அப்புறம் ஆபரேட்டரைக் கூப்பிட்டுத் திட்டுவேன். வேலை தலைக்கு மேல கிடக்கும் தம்பி. மைக்ராஸ்கோப்புல ரத்த அணு எண்ணிக்கிட்டு இருப்பேன், மணி அடிச்சா எண்ணிக்கை போச்சு. மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்.

ஆபரேட்டர்: நானும் தினமும் மன்னிப்பு கேப்பேன்.

லேப்காரர்: "மன்னிக்கணும் சார், ஒண்ணு ஏழாயிடுச்சு." அந்தக் குரல் இருக்கே... சரி விடு. இப்படியே ஆறு மாசம். அப்புறம் நேர்ல போய்த் திட்டலாம்னு போனேன்.

கடைக்காரர்: போய்?

லேப்காரர்: போய்க் கல்யாணம் ஆயிடுச்சு.

கடைக்காரர்: ஆனா சார், அப்ப இருந்தது ஃபோன் போர்டுதானே? அதுல ஒண்ணு மேலதான் இருக்கும். அப்புறம் எப்படித் தப்பும்?

லேப்காரர்: நல்லா கேட்டீங்க. நானும் அன்னைக்கே கேட்டேன். இங்க வர்றதுக்கு முன்னாடி ஆறு மாசம் ஒரு பரீட்சை ஆபீஸ்ல கால்குலேட்டர்ல மார்க் கூட்டிக்கிட்டு இருந்தாளாம். கை அதுலயே பழகிப்போச்சாம்.

கடைக்காரர்: அப்ப கவலையே இல்ல மேடம். இந்த வரிசை உங்களுக்கு ஏற்கனவே பழக்கம். ரெண்டே நாள்ல விரல் திரும்பி வந்துடும்.

ஆபரேட்டர்: எனக்கா? நான் கால்குலேட்டரைத் தொட்டதே இல்ல தம்பி.

லேப்காரர்: தொட்டதே இல்லையா?

ஆபரேட்டர்: அதாவது... அவ்வளவா தொட்டதில்ல.

லேப்காரர்: ஆறு மாசம் மார்க் கூட்டினது?

ஆபரேட்டர்: அது... விரல் விட்டு எண்ணினேன்.

லேப்காரர்: ஆறு மாசமா?

ஆபரேட்டர்: ஆறு மாசம்.

லேப்காரர்: ஓஹோ.

கடைக்காரர்: விரல் விட்டு எண்ணினா ஒண்ணு எப்படி மேடம் ஏழாகும்?

ஆபரேட்டர்: நீங்க அடுத்ததை எடுத்துக் காட்டுங்க தம்பி. இல்ல, வேண்டாம். எதையும் எடுக்காதீங்க. நான் முடிவு பண்ணிட்டேன்.

லேப்காரர்: என்ன முடிவு?

ஆபரேட்டர்: வேண்டாம்னு முடிவு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.

லேப்காரர்: உன் பையில இருக்கிற அந்த லெட்டரா?

ஆபரேட்டர்: எந்த லெட்டர்?

லேப்காரர்: ரெக்கார்டு ரூமுக்குப் போக முழுச் சம்மதம்னு எழுதி, கீழ கையெழுத்தும் போட்டு, நாலா மடிச்சு வச்சிருக்கியே. அதா?

ஆபரேட்டர்: என் பையை எதுக்கு நோண்டினீங்க?

லேப்காரர்: வீட்டுச் சாவி தேடினேன். ஒரு வாரம் ஆச்சு. நீயா சொல்லுவ, சொல்லுவன்னு பாத்தேன்.

ஆபரேட்டர்: சொன்னா நீங்க விட மாட்டீங்க.

லேப்காரர்: விட மாட்டேன். அதுல தேதி போடல நீ. தேதி போடாத வரைக்கும் அது வெறும் பேப்பர்.

கடைக்காரர்: நான் வேணா கொஞ்சம் உள்ள போய்...

லேப்காரர்: நீங்க இருங்க. உங்க கடை.

ஆபரேட்டர்: உங்களுக்குப் புரியல. எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு நான் எழுதல. ஒருத்தர் பதறிக்கிட்டுக் கூப்பிடுவாரு. அவரு பேரே அவருக்கு வாயில வராது. "இருங்க, இணைக்கிறேன்"னு நான் சொன்னா, அந்தப் பக்கம் மூச்சு கொஞ்சம் அடங்கும். அது எனக்குக் காதுல கேக்கும். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் இத்தனை வருஷம் போயிட்டு வர்றேன். அந்த மாதிரி ஒருத்தரை நிஜமாவே பிணவறைக்கு இணைச்சுட்டா? அன்னைக்கு சூப்பர்வைசர். நாளைக்கு யாரோ? தெரிஞ்சே போய் எப்படி அந்த நாற்காலியில உக்காருவேன், சொல்லுங்க. ஃபைலுக்கு மூச்சு கிடையாது. தப்பா அடுக்கினா தப்பா இருந்துட்டுப் போகட்டும்.

லேப்காரர்: சரி. நீ சொல்றது நியாயம்தான்.

ஆபரேட்டர்: நியாயம்னா கிளம்புங்க.

லேப்காரர்: கிளம்பலாம். அதுக்கு முன்னாடி... தம்பி, அந்தக் கடைசிப் பெட்டியை எடுங்க.

கடைக்காரர்: எந்தப் பெட்டி சார்? நமக்குள்ள முன்னப் பின்னப் பழக்கமே இல்லையே.

லேப்காரர்: நடிச்சது போதும், எடுங்க.

ஆபரேட்டர்: என்ன நடக்குது இங்க?

கடைக்காரர்: மேடம், தப்பா நினைக்காதீங்க. சார் நாலு நாளா சாயங்காலம் இங்கதான் இருக்காரு. இந்த மாடல் கொஞ்சம் விசேஷமானது. எந்தக் கட்டை அமுக்கினா எந்த நம்பர் விழணும்னு நாமளே மாத்தி வச்சுக்கலாம். அது பேட்டுக்குள்ளயே பதிஞ்சிடும், எந்தக் கம்ப்யூட்டர்ல மாட்டினாலும் மாறாது. நான் அதை மாத்திக் குடுத்தேன். கட்டைங்க மேல இருக்கிற நம்பர் மூடியை எல்லாம் சார்தான் கழட்டி மாத்தினாரு. லேப்ல இருந்து ஒரு இடுக்கி கொண்டு வந்தாரு.

ஆபரேட்டர்: இதுல... ஒண்ணு மேல இருக்கு.

லேப்காரர்: ஒண்ணு ரெண்டு மூணு மேல. ஏழு எட்டு ஒம்பது கீழ. உன் பழைய போர்டு மாதிரியே.

ஆபரேட்டர்: முடி வெட்டினது இதுதானா?

லேப்காரர்: இதான். ஒரு சின்னக் குறை இருக்கு. ஒவ்வொரு வரிசை மூடிக்கும் சரிவு வேற. மேல் வரிசையைக் கீழயும், கீழ் வரிசையை மேலயும் போட்டதால தடவிப் பாத்தா கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். நீ கண்டுபிடிச்சுத் திட்டுவன்னு எதிர்பாத்தேன்.

ஆபரேட்டர்: ஏழு லேசாக் கோணலா இருக்கு.

லேப்காரர்: பாத்தீங்களா தம்பி? தொட்டவுடனே.

ஆபரேட்டர்: இதை ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?

லேப்காரர்: சூப்பர்வைசர்கிட்டக் கேட்டுட்டேன். நம்பர் சரியா விழுந்தா, உங்க வீட்டம்மா தலைகீழா நின்னு கூட அடிக்கட்டும்னுட்டாரு. அன்னைக்கு "நார்மல்"னு கேட்டதுல இருந்து மனுஷனுக்கு இன்னும் படபடப்பு போகல.

ஆபரேட்டர்: இதுலயும் தப்பினா?

லேப்காரர்: தப்பினா நானே பேனா எடுத்து உன் லெட்டருக்குத் தேதி போடறேன். தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல மாட்டுங்க. நான் வார்டு பேரைச் சொல்றேன், இவ அடிக்கட்டும். ஸ்க்ரீன்ல என்ன விழுதுன்னு நீங்க படிங்க. நீ கண்ணை மூடிக்க.

ஆபரேட்டர்: மூடினாலும் எட்டிப் பாப்பேன். எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல.

லேப்காரர்: அப்ப அந்த லெட்டரை எடு. கைக்கு மேல மறைச்சுப் பிடிக்கிறேன்.

ஆபரேட்டர்: இதுக்காவது உதவட்டும். இந்தாங்க.

லேப்காரர்: தயாரா? அவசரப் பிரிவு.

கடைக்காரர்: ஒண்ணு பூஜ்யம் ஒண்ணு.

ஆபரேட்டர்: சரி. அடுத்து.

லேப்காரர்: ரத்த வங்கி.

கடைக்காரர்: ஒண்ணு ஆறு அஞ்சு.

லேப்காரர்: குழந்தைங்க வார்டு. எலும்பு. ஆம்புலன்ஸ்.

கடைக்காரர்: மெதுவா சார், எனக்கே படிக்க முடியல. ரெண்டு மூணு ஆறு... மூணு நாலு அஞ்சு... ஒண்ணு ஒண்ணு ஒம்பது.

ஆபரேட்டர்: எல்லாம் சரி. இன்னும் வேகமாச் சொல்லுங்க.

லேப்காரர்: பிரசவ வார்டு.

ஆபரேட்டர்: ...

லேப்காரர்: பிரசவ வார்டு கேட்டேன்மா. அப்பா காத்துக்கிட்டு இருக்காரு.

ஆபரேட்டர்: இருங்க, இணைக்கிறேன்.

கடைக்காரர்: ரெண்டு... ஒண்ணு... ரெண்டு.

ஆபரேட்டர்: இன்னொரு தடவை படிங்க தம்பி.

கடைக்காரர்: ரெண்டு ஒண்ணு ரெண்டு மேடம். சுத்தமா இருக்கு.

லேப்காரர்: மூக்கை உறிஞ்சாத.

ஆபரேட்டர்: நீங்க பிடிச்ச பிடியில லெட்டர் கசங்கிப்போச்சு பாருங்க.

லேப்காரர்: கசங்கட்டுமா?

ஆபரேட்டர்: கசங்கட்டும்.

கடைக்காரர்: இந்தாங்க, குப்பைத் தொட்டி. அப்படியே இதுல போட்டுடுங்க. பேட்டைப் பெட்டியில வச்சுடவா?

லேப்காரர்: இருங்க, கடைசியா ஒண்ணு. இந்தத் தடவை மறைக்க ஒண்ணும் இல்ல, கண்ணைத் திறந்துக்கிட்டே அடி. கேண்டீன்.

ஆபரேட்டர்: கேண்டீன்தானே?

லேப்காரர்: கேண்டீன்தான். நாலு டீ.

கடைக்காரர்: ஏழு... ஒம்பது... எட்டு. மேடம், கடைசியில தப்பிடுச்சு.

ஆபரேட்டர்: தப்பல.

கடைக்காரர்: ஒண்ணு மூணு ரெண்டுதானே கேண்டீன்? பேட் சரியாத்தான் மாத்தியிருக்கேன், சத்தியமா. இருங்க, பாக்கறேன்.

ஆபரேட்டர்: பேட் சரியாத்தான் இருக்கு தம்பி. அந்தப் பழைய போர்டும் சரியாத்தான் இருந்துச்சு. என் கையும். ஏங்க, திட்டணும்னா இப்ப திட்டிடுங்க.

லேப்காரர்: எதுக்குத் திட்டணும்? ரெண்டாவது மாசமே எனக்குத் தெரியும். நான் லீவு போட்ட நாள்ல ஒரு டீ ஃபோன் கூட லேப்புக்கு வரலைன்னு கூட இருந்தவன் சொன்னான்.

ஆபரேட்டர்: தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை வருஷமா எனக்கு ஒண்ணும் ஏழும் தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறீங்க?

லேப்காரர்: கதை நல்லா இருக்கேன்னு.

ஆபரேட்டர்: எனக்கு ஒண்ணுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நீங்க அப்படித் திட்டுவீங்களே, எண்ணிக்கை போச்சு, மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணும்னு. வேலை நேரத்துல உங்களைத் தொந்தரவு பண்றோமேன்னு இருக்கும். ஆனாலும் பதினோரு மணியானா கை தானா ஏழுக்குப் போயிடும்.

லேப்காரர்: என்ன எண்ணிக்கை, என்ன வேலை? அப்ப எனக்கு நைட் டியூட்டி, காலையில பத்து மணிக்கே முடிஞ்சிடும்.